கூகுளுக்கு அபராதம், மெட்டாமீது வழக்கு: செய்தியைப் பிரித்துப் படிக்க ஒரு வழிகாட்டி

"கூகுளுக்கு இத்தனை ஆயிரம் கோடி அபராதம்" என்று செய்தி வந்தால் பெரும்பாலோர் தொகையைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தத் தொகை கட்டப்பட்டதா, குறைக்கப்பட்டதா, ரத்தானதா என்று பின்னால் போய்ப் பார்ப்பவர் குறைவு. கைப்பேசி, தேடல், வாட்ஸ்அப், பிள்ளைகள் பார்க்கும் யூடியூப் என்று நம் நாளில் பாதி இந்த நிறுவனங்களோடுதான் கழிகிறது. அமெரிக்கப் பங்குகளை வாங்கும் மியூச்சுவல் ஃபண்டுகள் வழியாகப் பலருடைய சேமிப்பும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகவே இந்த வழக்குகளைப் புரிந்துகொள்வதை வக்கீல்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் மட்டும் விட்டுவிடக் கூடாது. சில கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்கப் பழகினால் போதும். அந்த வரிசையில் தொகை முதலில் வராது.

முதல் படி: எந்தச் சட்டம், யார் தொடுத்தது?

'வழக்கு' என்ற ஒரே சொல்லால் செய்திகள் குறிப்பிடுவது பல வேறு விஷயங்களை. சந்தையில் போட்டியை நசுக்கியதாகச் சொல்வது போட்டிச் சட்ட வழக்கு. அமெரிக்காவில் இதற்கு அடிப்படை 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டமும் அதன்கீழ் இயங்கும் இந்தியப் போட்டி ஆணையமும். தனிநபர் தரவு தொடர்பானவை வேறு வகை: ஐரோப்பியப் பயனர்களின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம் விதித்தது. வரி வழக்குகள் மூன்றாவது. பயனர் எழுதிய பதிவுக்குத் தளம் பொறுப்பா என்பது நான்காவது. அதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

யார் தொடுத்தது என்று கேட்பதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. ஐரோப்பாவில் ஐரோப்பிய ஆணையமே விசாரித்து, தானே அபராதமும் விதிக்கும். நிறுவனம் அதன்பிறகுதான் நீதிமன்றத்துக்குப் போகும். இந்தியப் போட்டி ஆணையத்தின் நடைமுறையும் ஏறக்குறைய இப்படித்தான். அமெரிக்காவில் நீதித்துறையோ (இது அரசின் ஒரு துறை, நீதிமன்றம் அல்ல) கூட்டாட்சி வர்த்தக ஆணையமோ பெரிய போட்டிச் சட்ட வழக்குகளைத் தொடுக்கும்போது, நீதிபதி முன்னால் சாட்சியோடு நிரூபித்தாக வேண்டும். எனவே ஐரோப்பிய ஆணையம் இருக்கும் பிரஸ்ஸல்ஸிலிருந்து வரும் அபராதச் செய்தி என்றால் நீதிமன்றப் படலம் இனிமேல்தான் தொடங்கும் என்று பொருள். வாஷிங்டன் நீதிமன்றத் தீர்ப்பு என்றால் ஒரு முழு விசாரணை முடிந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாம் படி: வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். புகார், விசாரணை, குற்றம் உறுதிப்படுதல், தீர்வுக் கட்டளை, மேல்முறையீடு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தலைப்புச் செய்தி வரும். எல்லாமே ஒரே எழுத்தளவில் அச்சாகும்.

கூகுளுக்கு ஐரோப்பிய ஆணையம் விதித்த மூன்று அபராதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் பொருள் ஒப்பீட்டுச் சேவை தொடர்பாக 242 கோடி யூரோ. 2018-இல் ஆண்ட்ராய்டு தொடர்பாக 434 கோடி யூரோ. 2019-இல் ஆட்சென்ஸ் விளம்பரம் தொடர்பாக 149 கோடி யூரோ. மூன்றும் வெளியான நாளில் ஒரே வகைச் செய்திகள். பிறகு நடந்தது என்ன? முதலாவதை ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 10 அன்று உறுதிசெய்தது. இரண்டாவதை 2022-இல் பொது நீதிமன்றம் (ஒன்றியத்தில் அதற்குக் கீழுள்ள நீதிமன்றம்) பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு 412.5 கோடி யூரோவாகக் குறைத்தது. மூன்றாவதை அதே பொது நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்தே செய்துவிட்டது. ஒரே நிறுவனம், ஒரே ஆணையம், மூன்று வெவ்வேறு முடிவுகள்.

நம் ஊர்க் கதையும் உண்டு. சென்னையில் இயங்கும் பாரத் மேட்ரிமோனி நிறுவனம் 2012-இல் கூகுள்மீது போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரியில்தான் 135.86 கோடி ரூபாய் அபராதம் வந்தது. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாக 1,337.76 கோடி ரூபாயும், சில நாள் இடைவெளியில் பிளே ஸ்டோர் கட்டண முறை தொடர்பாக 936.44 கோடி ரூபாயும் விதித்து ஆணையம் உத்தரவிட்டது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆண்ட்ராய்டு தொகையை அப்படியே ஏற்றது. ஆனால் ஆணையம் போட்ட பத்துக் கட்டளைகளில் நான்கை நீக்கியது. பிளே ஸ்டோர் தொகையை 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது.

இடைக்காலத் தடை கிடைத்ததா என்று தேடிப் பாருங்கள். மேல்முறையீடு நடக்கும்போது கட்டளை அமலில் இருக்கிறதா இல்லையா என்பதை அதுவே முடிவுசெய்யும். ஆண்ட்ராய்டு உத்தரவுக்குத் தடை தர 2023 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஒரு வாரத்துக்குள், இந்தியப் பயனர்கள் இயல்புநிலைத் தேடுபொறியை (தானாக வந்து நிற்கும் தேடுபொறியை) தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது உள்ளிட்ட மாற்றங்களை கூகுள் அறிவித்தது. ஐந்து வரிச் செய்தியாக வந்துபோன அந்த மறுப்பு, தலைப்புச் செய்தியாக வந்த அபராதத்தைவிட வேகமாக வேலை செய்தது.

அரசாங்கம் தோற்கும் வழக்குகளும் உண்டு. இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் வாங்கியது தவறு என்று மெட்டாமீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2020 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2021 ஜூனில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் அதைத் தள்ளுபடி செய்தார். ஆணையம் திருத்தி மறுபடி தாக்கல் செய்தது. 2025 நவம்பரில் அதே நீதிபதி மெட்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 'மெட்டா உடையுமா?' என்று முதல் நாள் கேட்ட கேள்விக்குப் பதில் வர ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆயின.

மூன்றாம் படி: நிறுவனம் எதை மாற்ற வேண்டும்?

என் பார்வையில் முழு வழிகாட்டியிலும் இதுதான் முக்கியமான படி. அபராதம் நடந்து முடிந்ததற்கான விலை. கட்டளை இனி நடக்கப்போவதைத் தொடுகிறது. தொகையே இல்லாத தீர்ப்பு சில சமயம் தொகையுள்ள தீர்ப்பைவிட ஆழமாக வெட்டும்.

கூகுள் தேடல் வழக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 2020 அக்டோபர் 20 அன்று அமெரிக்க நீதித்துறையும் சில மாநிலங்களும் வாஷிங்டன் நீதிமன்றத்தில் தொடுத்தன. 2023 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் ஏகபோகம் கொண்டது, அதைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். பொதுத் தேடலில் ஏறத்தாழ 90 சதவீதம் கூகுள் வசம் இருந்தது. அதில் தவறில்லை, பெரிதாக வளர்வதை அமெரிக்கச் சட்டம் தண்டிப்பதில்லை. கூகுள் செய்த ஒப்பந்தங்களில்தான் சிக்கல் இருந்தது. கைப்பேசியையும் உலாவியையும் திறந்தவுடன் தானே வந்து நிற்கும் தேடுபொறியாகத் தன்னை வைத்திருக்க, 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலரை அது பிறருக்குக் கொடுத்திருந்தது. 2022-இல் ஆப்பிளுக்கு மட்டும் போனது 2,000 கோடி டாலர்.

இந்த வழக்கில் அபராதமே கிடையாது. கேள்வி எல்லாம் தீர்வைப் பற்றியதுதான். குரோம் உலாவியை விற்க வேண்டும் என்று நீதித்துறை கேட்டது. 2025 செப்டம்பர் 2 அன்று நீதிபதி அதை மறுத்தார். மற்றவரைச் சேர்க்கக் கூடாது என்று கட்டிப்போடும் ஒப்பந்தங்களைத் தடைசெய்தார். சில வகைத் தேடல் தரவைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிரச் சொன்னார். ஆனால் இயல்புநிலை இடத்துக்குப் பணம் கொடுப்பதை முழுக்க நிறுத்தவில்லை. மறுநாள் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்கு விலை கணிசமாக ஏறியது. குற்றம் உறுதியான ஒரு நிறுவனத்தின் பங்கு ஏன் ஏறுகிறது என்று குழம்ப வேண்டியதில்லை. சந்தை அஞ்சிக்கொண்டிருந்த கட்டளை வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வழக்கில் பெயர் இல்லாத யாருக்கு இதனால் இழப்பு? கொடுக்கல் முழுதும் தடையாகியிருந்தால் ஆப்பிள் ஆண்டுதோறும் பெரும்தொகையை இழந்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை நடத்தும் மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தருவது. அதற்கு உயிர்ப்பிரச்சினையாகவே ஆகியிருக்கும். போட்டியைக் காக்க வந்த கட்டளை ஒரு போட்டியாளரையே மூடிவிடக்கூடும் என்பது எனக்கு உண்மையாகவே கவலை தரும் முரண். தீர்ப்பைப் படித்தால் நீதிபதியும் இதை எடைபோட்டிருப்பது தெரியும்.

நான்காம் படி: இப்போது பணத்தைப் பாருங்கள்

தொகையைத் தனியாகப் பார்த்தால் அது எதுவும் சொல்லாது. அந்த நிறுவனத்தின் லாபத்தின் பக்கத்தில் வையுங்கள். ஆல்ஃபபெட் 2024-இல் ஈட்டிய நிகர லாபம் ஏறத்தாழ 10,000 கோடி டாலர். நூறு கோடி டாலர் அபராதம் என்பது அந்தக் கணக்கில் நான்கு நாள் லாபத்துக்கும் குறைவு.

அடுத்தது, நிறுவனம் முன்கூட்டியே பணம் ஒதுக்கிவிட்டதா என்று பாருங்கள். அமெரிக்கக் கணக்குமுறையில், இழப்பு வர வாய்ப்பு அதிகம், தொகையையும் ஓரளவு மதிப்பிட முடியும் என்ற இரண்டும் பொருந்தினால், தீர்ப்புக்கு முன்பே அதைச் செலவாகக் காட்ட வேண்டும். பயனர் தனியுரிமை பற்றிய வர்த்தக ஆணைய விசாரணைக்காக 2019 ஏப்ரலில் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) தன் காலாண்டு முடிவுகளில் 300 கோடி டாலரை இப்படி ஒதுக்கியது. மொத்தம் 500 கோடிவரை போகலாம் என்றும் சொன்னது. ஜூலையில் வர்த்தக ஆணையம் அறிவித்த தொகை சரியாக 500 கோடி டாலர். செய்தியில் அதைப் பார்த்து அதிர்ந்தவர்களுக்கு மூன்று மாதம் முன்பே அந்தத் தகவல் பொதுவெளியில் கிடந்தது. அந்தச் சமரசத்தில் தொகையைவிட நான் கவனித்தது வேறொன்றை: தனியுரிமை விதிகளைப் பின்பற்றுவதாக நிறுவனத் தலைவர் மார்க் சக்கர்பெர்க் காலாண்டுதோறும் சான்று அளிக்க வேண்டும் என்ற நிபந்தனை.

ஒதுக்கீடு ஒரு காலாண்டை எப்படி மாற்றிக்காட்டும் என்பதற்கு 2018 நல்ல எடுத்துக்காட்டு. ஆண்ட்ராய்டு அபராதத்தை ஆல்ஃபபெட் அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டிலேயே கணக்கில் ஏற்றியது. நிகர லாபம் சுமார் 320 கோடி டாலராகச் சுருங்கியது. அபராதம் இல்லாவிட்டால் 820 கோடிக்கு மேல் இருந்திருக்கும். 'லாபம் சரிவு' என்ற தலைப்பை மட்டும் படித்தவர் தொழில் சரிகிறது என்று நினைத்திருப்பார்.

வரி வழக்குக்கும் இதே பார்வை. அயர்லாந்து ஆப்பிளுக்குச் சட்டவிரோதமாக வரிச்சலுகை கொடுத்தது, 1,300 கோடி யூரோவைத் திரும்ப வசூலிக்க வேண்டும் என்று 2016-இல் ஐரோப்பிய ஆணையம் சொன்னது. 2020-இல் அந்த உத்தரவு ரத்தானது. 2024 செப்டம்பரில் மேல் நீதிமன்றம் அதை மீட்டது. ஆப்பிள் அந்தக் காலாண்டில் 1,020 கோடி டாலரை ஒருமுறை வரிச்செலவாகக் காட்டியது. எட்டு ஆண்டுக் கதை ஒரே வரியாகக் கணக்கில் ஏறியது.

எங்கே பார்ப்பது? அமெரிக்கப் பங்குச்சந்தையில் உள்ள அமெரிக்க நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை 10-கே என்ற அறிக்கையையும், காலாண்டுக்கு 10-க்யூ அறிக்கையையும் தாக்கல் செய்ய வேண்டும். பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் எட்கர் தளத்தில் அவை இலவசம். 10-கே அறிக்கையை முழுக்கப் படிக்க வேண்டாம். 'சட்ட நடவடிக்கைகள்' என்ற மூன்றாம் பிரிவுக்குப் போங்கள். பெரும்பாலும் அது நிதிநிலைக் குறிப்புகளில் ஒன்றுக்கு அனுப்பிவைக்கும். அந்தக் குறிப்புதான் உங்களுக்கு வேண்டியது. சென்ற ஆண்டு அறிக்கையில் அதே குறிப்பைத் திறந்து பக்கத்தில் வைத்து, எந்த வாக்கியம் புதிதாக வந்தது, எது காணாமல் போனது என்று பாருங்கள். தொகையை மதிப்பிட முடியாது என்று முன்பு எழுதிய இடத்தில் இப்போது ஓர் எண் வந்திருந்தால் விஷயம் நகர்ந்துவிட்டது. இந்திய நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் 'நிகழக்கூடிய பொறுப்புகள்' என்ற பொருளில் வரும் குறிப்பைத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: கலந்துரையாடல் மன்றம் என்றால் கேள்வி மாறும்

பயனர்கள் எழுத, மற்றவர்கள் படிக்கும் தளங்களுக்கு வேறு தலைவலி. யாரோ எழுதியதற்குத் தளத்தை நடத்துபவர் சிறைக்குப் போவாரா, நஷ்ட ஈடு கட்டுவாரா?

இதன் வேர் 1990-களில் இருக்கிறது. 1991-இல் ஒரு நியூயார்க் நீதிமன்றம், பதிவுகளை முன்கூட்டிப் பார்க்காத கம்ப்யூசெர்வ் நிறுவனம் பொறுப்பல்ல என்றது. 1995-இல் இன்னொரு நீதிமன்றம் ப்ராடிஜி நிறுவனம் பொறுப்பு என்றது. காரணம், ப்ராடிஜி தன் மன்றங்களில் மோசமான பதிவுகளை நீக்கிவந்தது. சுத்தம் செய்பவருக்குத் தண்டனை, கண்டுகொள்ளாதவருக்கு விடுதலை என்ற நிலை. அதைச் சரிசெய்யத்தான் 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பிரிவு 230-ஐக் கொண்டுவந்தது: பிறர் தந்த தகவலுக்குத் தளத்தைப் பதிப்பாளராகக் கருதக் கூடாது, நல்லெண்ணத்தோடு நீக்கினாலும் பாதுகாப்பு போகாது. பெரிய நிறுவனங்களுக்கான சலுகை என்று அதை இன்று பலர் சாடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாத சின்ன மன்றங்களுக்குத்தான் அது இன்னும் அதிகம் தேவை. பதிப்புரிமைக்கும் கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்துக்கும் அது பொருந்தாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இதற்கு இணையானது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 79. 2004-இல் பாஸீ என்ற ஏலத் தளத்தில் ஒரு பயனர் ஆபாசக் காணொளியை விற்பனைக்கு வைத்ததற்காகத் தளத்தின் தலைவரே கைதானார். பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, 2009 அக்டோபரில் விரிவான பாதுகாப்பு அமலுக்கு வந்தது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிக்கையோ வந்தபின்னும் நீக்காவிட்டால்தான் பாதுகாப்பு போகும் என்று தெளிவாக்கியது. பாதுகாப்பு வேண்டுமானால் கடமைகளும் உண்டு. 2021-ஆம் ஆண்டு விதிகள் அவற்றைச் சொல்கின்றன.

நீங்களே ஒரு சின்னத் தமிழ் மன்றம் நடத்துவதாக இருந்தால் செய்ய வேண்டியவை இவை. பயன்பாட்டு விதிகளை எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவரின் பெயரையும் தொடர்பு வழியையும் தளத்தில் போடுங்கள். வரும் ஒவ்வொரு புகாரையும், வந்த நேரத்தையும், எடுத்த நடவடிக்கையையும் பதிவுசெய்து வையுங்கள். தகராறு வந்தால் கைகொடுப்பது அந்தப் பதிவேடுதான். நீக்குவதற்கான காலக்கெடுக்கள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. ஆகவே மின்னணு அமைச்சகத் தளத்தில் உள்ள திருத்திய பிரதியைப் பாருங்கள், பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம். பதிவு செய்த பயனர்கள் 50 லட்சத்தைத் தாண்டிய தளங்களுக்குக் கடுமையான கூடுதல் விதிகள் இருக்கின்றன. சின்ன மன்றங்களுக்கு அவை பொருந்தா. பிரிட்டனில் பயனர்கள் இருந்தால் அங்குள்ள 2023-ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். அதன் அதிகபட்ச அபராதம் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருமானத்தில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது.

மன்றங்களின் பணப் பக்கத்துக்கு, பயனர்கள் கேள்வியும் பதிலும் எழுதும் அமெரிக்கத் தளமான ரெடிட்டைப் பாருங்கள். 2024 மார்ச்சில் பங்குச்சந்தைக்கு வருமுன் அது தாக்கல் செய்த ஆவணத்தில் 2023-இன் நிகர இழப்பு 9.08 கோடி டாலர் என்று இருந்தது. கூடவே, பயனர் பதிவுகளைத் தரவாகப் பயன்படுத்த உரிமம் கொடுக்கும் ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 20.3 கோடி டாலர் என்றும் இருந்தது. அந்த உரிமங்களைப் பற்றி வர்த்தக ஆணையம் விசாரிக்கத் தொடங்கியிருப்பதையும் பட்டியலுக்கு முன்பே அது வெளியிட்டது. ஊதியமில்லாமல் மக்கள் எழுதிய பதில்களே ஒரு நிறுவனத்தின் சொத்தாகக் கணக்கில் வந்துவிட்டன. எழுதியவர்களுக்கும் அதில் பங்கு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த பத்தாண்டில் வரப்போகும் வழக்குகளில் கணிசமானவை இந்த இடத்தில்தான் முளைக்கும்.

ஆறாம் படி: மூல ஆவணத்தைத் திறங்கள்

போட்டி ஆணையத்தின் உத்தரவுகள் அதன் தளத்திலேயே கிடைக்கின்றன. ஐரோப்பிய ஆணையம் ஒவ்வோர் அபராதத்துக்கும் தெளிவான செய்திக்குறிப்பு வெளியிடும். அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களுக்குப் பேசர் என்ற அரசுத் தளம் பக்கத்துக்கு 10 சென்ட் வாங்கும். அதற்குமுன் கோர்ட்லிசனர் தளத்தில் தேடுங்கள், முக்கியமான வழக்குகள் பெரும்பாலும் இலவசமாகவே இருக்கும். மேத்தாவின் 2024 தீர்ப்பு 270 பக்கங்களுக்கு மேல். முதலில் முன்னுரையைப் படியுங்கள், பிறகு முடிவுரையை. இடையில் உள்ளதை உங்களுக்கு எழும் கேள்விக்கேற்பத் தேடிப் படித்தால் போதும்.

ஏழாம் படி: உங்களுக்கே பணம் வரும் என்று செய்தி வந்தால்

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இது அடிக்கடி வரும். ஃபேஸ்புக் பயனர்களின் தரவு அனுமதியின்றிக் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் மெட்டா 72.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2007 மே மாதத்துக்கும் 2022 டிசம்பருக்கும் இடையே அங்கு ஃபேஸ்புக் கணக்கு வைத்திருந்தவர்கள் 2023 ஆகஸ்ட் 25-க்குள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. இந்தக் கூட்டு வழக்கு அறிவிப்புகள் மின்னஞ்சலில் வருவதால் மோசடிக்காரர்களும் அதே உடையில் வருவார்கள். சுட்டியை அழுத்தாமல் வழக்கு எண்ணை எடுத்து கோர்ட்லிசனரில் தேடுங்கள். சமரசத்தை நிர்வகிக்கும் தளத்தின் முகவரி நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கும். உண்மையான கூட்டு வழக்கில் உங்கள் பங்கைப் பெற எந்தக் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை. கட்டணம் கேட்டால் அந்த மின்னஞ்சலை மோசடி என்று புகார் செய்துவிட்டு அழித்துவிடுங்கள். இந்தியாவில் இருக்கும் உறவினருக்கு இப்படி ஒரு சுட்டி வாட்ஸ்அப்பில் வந்தால், அந்தச் சமரசம் அமெரிக்காவில் இருந்த பயனர்களுக்கு மட்டுமா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.